ரோஸ் நிறம் சொல்லாத கணக்கு

டி.பி.டி. மாத்திரையைத் தாள் உறையிலிருந்து விரல் படாமல் உடைத்து, பத்து மில்லி தண்ணீரில் போட்டு நசுக்க வேண்டும். குளோரின் இருந்தால் தண்ணீர் ரோஸ் நிறமாகும். குளோரின் கூடக் கூட நிறம் ஏறும். ஆர்தர் பாலின் என்ற ஆங்கிலேயர் 1950களில் நியூகாசிலில் குடிநீர் வேலையில் இருந்தபோது உருவாக்கிய முறை இது. என் வேலைக்காலத்தின் பெரும்பகுதி இந்த நிறத்தோடுதான் போயிற்று: முதலில் சென்னைக்கு வெளியே ஒரு கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில், பிறகு லண்டனில் ஒரு பரிசோதனைக்கூடத்தில். சென்னையில் ஆரம்ப காலத்தில் இந்த மாத்திரைகூடக் கிடையாது. ஓ.டி. என்று சுருக்கமாகச் சொல்லும் ஆர்த்தோ டோலிடின் சொட்டுதான் இருந்தது. அதில் தண்ணீர் மஞ்சளாகும். புற்றுநோய் உண்டாக்கும் என்ற சந்தேகத்தால் பல நாடுகள் அந்தச் சொட்டைக் கைவிட்ட பிறகும் எங்கள் அலமாரியில் அது இருந்தது.

நிறம் ஒரே ஒரு செய்தியைத்தான் சொல்லும். குளோரின் இன்னும் மிச்சமிருக்கிறது, அவ்வளவுதான். மிச்சமாவதற்கு முன் அது எதோடெல்லாம் கூடியது, கூடி என்னென்ன உண்டாக்கியது என்பது அந்தக் குப்பிக்குத் தெரியாது. குடிநீரில் இந்தக் கேள்வியை ஓரளவு ஒதுக்கி வைக்கலாம். சாக்கடை நீரை பாக்டீரியாவைக் கொண்டு சுத்திகரித்து, கடைசியில் குளோரின் போடும் இடத்தில் ஒதுக்கவே முடியாது.

யாழ்ப்பாணத்தில் நாங்கள் கிணற்றுத் தண்ணீர்க்காரர். மாரியில் வெள்ளம் வந்து வற்றியதும் பி.எச்.ஐ., அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகர், சைக்கிளில் வருவார். பிளீச்சிங் பவுடரை வாளியில் கரைத்துக் கிணற்றில் ஊற்றி, “நாளைக்குக் காலமை வரைக்கும் அள்ளாதேங்கோ” என்று சொல்லிவிட்டுப் போவார். அந்த மணம் வந்தால் தண்ணீர் சுத்தம். படித்து முடித்துச் சென்னையில் வேலைக்குப் போனபோதும் இந்த எண்ணத்தோடுதான் போனேன். அங்கே இருந்தவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். “மேடம், வாசனை வருது, பாஸ் ஆயிடும்” என்பார் ஆபரேட்டர். பாஸ் ஆக வேண்டியது கோலிஃபார்ம் என்ற பாக்டீரியாவின் எண்ணிக்கை.

நிலையத்தில் 900 கிலோ டன்னர் சிலிண்டரில் குளோரின் வாயு வரும். கசிவு பார்க்க ஒரு பழைய வழி உண்டு. குச்சி நுனியில் பஞ்சைச் சுற்றி, அமோனியாவில் நனைத்து, வால்வு ஓரமாகக் கொண்டுபோக வேண்டும். கசிவு இருந்தால் வெள்ளைப் புகை எழும். குளோரினும் அமோனியாவும் சந்திப்பதைக் கண்ணால் பார்க்கக்கூடிய இடம் அது ஒன்றுதான். அதே இரண்டும் பக்கத்துத் தொட்டியில் நாள் முழுவதும் சந்தித்துக்கொண்டிருந்தன. அங்கே புகை எழுவதில்லை என்பதால் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

அப்போதைய தொழிற்சாலைச் சட்டப்படி இரவு ஏழு மணிக்கு மேல் பெண்கள் ஷிப்டில் இருக்கக் கூடாது. ஆகவே இரவில் நடப்பது எனக்குக் காலை மாதிரிகளின் வழியாகத்தான் தெரியவரும். காலை ஆறரை மணிக்கு எடுத்த அவுட்லெட் மாதிரியில் அமோனியா லிட்டருக்கு 20 மில்லிகிராமைத் தாண்டியிருக்கும். மாலை நாலு மணி மாதிரியில் ஒன்றுக்கும் கீழே வந்திருக்கும். இன்லெட் ஒன்றுதான், டேங்க் ஒன்றுதான், பாக்டீரியாவும் ஒன்றுதான். இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் எல்லாரும் இன்லெட்டைச் சொன்னார்கள். கடைசியில் ஒரு வயதான எலக்ட்ரிஷியன்தான் சொன்னார்: “ராத்திரி ரெண்டு புளோயர் நின்னுடும்மா. கரண்ட் பில்லு.”

புளோயர்தான் தொட்டிக்குக் காற்று ஊதுவது. காற்று இல்லாவிட்டால் அமோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியா வேலை செய்யாது. மற்ற பாக்டீரியாவைப் போல அது சமாளித்துக்கொள்ளாது. ஆக்சிஜன் குறைந்தால் முதலில் கையை மடக்குவது அதுதான். விடியும்போது வெளியே வரும் தண்ணீர் பார்வைக்குத் தெளிவாக இருக்கும், கரிம அழுக்கைக் காட்டும் பி.ஓ.டி.யும் சுமாராக இருக்கும், ஆனால் அமோனியா அப்படியே நிற்கும். அதில்தான் குளோரின் விழும்.

குளோரின் விழுந்ததும் என்ன நடக்கிறது என்பதைப் புதிதாக வந்த பையன்களுக்குப் பந்தியை வைத்துத்தான் சொல்லிக்கொடுப்பேன். முதல் பந்தியில் உட்காருவது அமோனியா. அது இல்லாத நாளில் நைட்ரைட். அடுத்த பந்தியில் கரைந்துகிடக்கும் கரிமப் பொருள்கள். நாம் யாருக்காக இலை போட்டோமோ அந்தக் கிருமிக்குக் கடைசிப் பந்திதான். முதல் பந்தி பெரிதாக இருந்தால் சாதம் அங்கேயே தீர்ந்துவிடும்.

அமோனியாவோடு சேர்ந்த குளோரின் குளோரமைன் ஆகிறது. அதுவும் கிருமியைக் கொல்லும், ஆனால் மெதுவாக. வைரஸ்களிடம் இன்னும் மெதுவாக. அமோனியாவை முழுவதும் எரித்துத் தாண்டி, தனிக் குளோரின் நிற்கும் கட்டத்துக்குப் போக வேண்டுமானால், ஒரு பங்கு அமோனியா நைட்ரஜனுக்கு எடைக்கணக்கில் 7.6 பங்கு குளோரின் வேண்டும். இது ஏட்டுக்கணக்கு, தொட்டியில் பத்து வரைக்கும் போகும். இதற்குப் பிரேக்பாயிண்ட் என்று பெயர். 20 மில்லிகிராம் அமோனியாவுக்கு 150 மில்லிகிராமுக்கு மேல் குளோரின். எந்த நிலையமும் அவ்வளவு போடாது. ஆக, காலைத் தண்ணீரில் எப்போதும் குளோரமைன்தான்.

மாலையில் நிலைமை தலைகீழ். அமோனியா இல்லை, குளோரின் தனியாக நிற்கிறது, கிருமி உடனே சாகிறது. ஆனால் அதே தனிக் குளோரின் இரண்டாம் பந்தியில் இருக்கும் கரிமப் பொருள்களையும் பலமாகத் தாக்கும். இடையே, அமோனியா நைட்ரேட்டாகும் மாற்றம் (நைட்ரிஃபிகேஷன்) பாதியில் நிற்கும் நேரங்களில், அமோனியா தீர்ந்து நைட்ரைட் மட்டும் மிஞ்சியிருக்கும். ஒரு மில்லிகிராம் நைட்ரைட் நைட்ரஜன் ஐந்து மில்லிகிராம் குளோரினை விழுங்கிவிடும். எவ்வளவு ஊற்றினாலும் ரோஸ் வராது. டோசிங் பம்ப் கெட்டுவிட்டது என்று கழற்றிப் போடுவார்கள். பம்பில் ஒன்றும் இருக்காது.

ஒரே நிலையம் ஒரே நாளில் இரண்டு வேறு இரசாயனத் தொழிற்சாலைகளாக வேலை செய்தது. என்ன தயாரித்தது என்பது எனக்கு லண்டன் வந்த பிறகுதான் இலக்கமாகத் தெரிந்தது. சென்னையில் எங்களிடம் அதை அளக்கக் கருவி இல்லை. அளக்கச் சொல்லும் விதியும் இல்லை. இன்றைக்கும் இல்லை. 2017 அக்டோபரில் இந்திய அரசு வெளியிட்ட கழிவுநீர் நிலையத் தரத்தில் நான்கே அளவுகள்: பி.எச்., பி.ஓ.டி., மிதக்கும் திடப்பொருள், மலக் கோலிஃபார்ம். கடைசி அளவு 100 மில்லிக்கு 1,000-க்குக் கீழே இருக்க வேண்டும். அதைக் கீழே இறக்க மலிவான வழி ஹைப்போ (சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசல்) கேனைச் சாய்ப்பது. சென்னை வெயிலில் தகரக் கொட்டகையில் வைத்த ஹைப்போ வாராவாரம் வீரியம் இழக்கும். இழக்கும்போது குளோரேட் உண்டாகும். தண்ணீரைத் தொடுவதற்கு முன்பே அதன் முதல் துணைவிளைபொருள் தயார். வீரியம் குறைந்ததை ஈடுகட்ட இன்னும் ஊற்றினால் குளோரேட்டும் கூடவே போகும்.

லண்டனில் நான் சேர்ந்த கூடத்தில் டிரைஹாலோமீத்தேன் மாதிரிகள்தான் அதிகம் வரும். குளோரோஃபார்ம், புரோமோஃபார்ம், நடுவில் இருக்கும் இரண்டு என நான்கு பொருள்களுக்கு அது பொதுப்பெயர். 40 மில்லி கண்ணாடிக் குப்பி, விளிம்பு வரை நிரம்பியிருக்க வேண்டும். தலைகீழாகப் பிடித்தால் ஒரு குமிழி தெரிந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவோம், ஏனென்றால் குளோரோஃபார்ம் குமிழிக்குள் ஓடிவிடும். குப்பியில் முன்கூட்டியே தயோசல்பேட் போட்டிருக்கும். குளோரினைக் கொன்று வினையை நிறுத்தாவிட்டால் மாதிரி வேனில் வரும்போதே அளவு ஏறிக்கொண்டிருக்கும்.

இந்தப் பொருள்களைக் குடிநீரில் முதலில் பிடித்தவர் ராட்டர்டாம் குடிநீர் நிலையத்தில் இருந்த யோஹன்னஸ் ரூக். 1974-ல் எழுதினார். அதற்கு முன் அவர் பீர் தொழிலில் இருந்தவர். பீரின் மேலே நிற்கும் ஆவியை எடுத்து மணத்தை ஆராயும் முறையை நதித் தண்ணீருக்குப் போட்டுப் பார்த்தார். குளோரின் சேர்ப்பதற்கு முன் இல்லாத குளோரோஃபார்ம் சேர்த்த பிறகு இருந்தது. அதே ஆண்டு அமெரிக்காவில் பெல்லர் குழுவும் இதையே கண்டது. 1979-ல் அமெரிக்கா லிட்டருக்கு 100 மைக்ரோகிராம் என்று வரம்பு வைத்தது. பிரிட்டனின் வரம்பும் இன்று அதுவே. இந்தியாவின் ஐ.எஸ். 10500 குடிநீர்த் தரத்தில் குளோரோஃபார்முக்கு மட்டும் 200 மைக்ரோகிராம். இவை எல்லாம் குடிநீருக்கு.

கழிவுநீரில் கரிமப் பொருள் பல மடங்கு அதிகம். பாக்டீரியா அழுக்கைத் தின்று தீர்த்துவிட்டது என்று நினைக்கிறோம். அது தின்றபின் விட்டுப்போன தன் சொந்த எச்சங்கள், புரதத் துண்டுகள், செத்த உடல்கள், தேநீர் நிறம் தரும் ஹியூமிக் அமிலங்கள் எல்லாம் கரைந்திருக்கும். புரதத்தில் நைட்ரஜன் உண்டு. ஆகவே குளோரோஃபார்மோடு ஹாலோஅசிட்டோநைட்ரைல் போன்ற நைட்ரஜன் வகைகளும் வரும். இவை எடைக்கு எடை குளோரோஃபார்மைவிடச் செல்லுக்கு அதிக நச்சு என்று இல்லினாய் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் பிளீவாவின் குழு காட்டியது. கடலோர ஊரில் நிலத்தடி நீரோடு புரோமைடு வந்தால் எல்லாம் புரோமின் வகைக்கு மாறும், நச்சும் ஏறும். மருத்துவமனைக் கழிவில் ஸ்கேனுக்குக் கொடுக்கும் அயோடின் மருந்து வந்தால் அயோடின் வகைகள்.

இதெல்லாம் மாலைத் தண்ணீரின் கதை. காலைத் தண்ணீரில் பிறப்பது வேறு: என்.டி.எம்.ஏ. முழுப்பெயர் நைட்ரோசோ டைமெத்தில் அமீன். மைக்ரோகிராமில் அல்ல, நானோகிராமில் அளக்க வேண்டியது. கலிஃபோர்னியா லிட்டருக்கு 10 நானோகிராம் தாண்டினால் அறிவிக்கச் சொல்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு 100. பத்து நானோகிராம் என்றால் பத்துக் கோடி லிட்டருக்கு ஒரு கிராம். நாளுக்கு நாலரைக் கோடி லிட்டர் தரும் ஒரு நிலையத்தின் இரண்டு நாள் தண்ணீருக்கும் மேலே.

அதை அளப்பது தனி வித்தை. ஒரு லிட்டர் தண்ணீரைச் சிறு குழாயில் அடைத்த கரியின் வழியே மெல்ல இழுத்து, கரியில் பிடித்ததைக் கரைப்பானில் கழுவி எடுத்து, ஒரு மில்லிக்குச் சுருக்கிக் கருவியில் விடுவோம். முறையில் எழுதியிருக்கும் கரி தேங்காய்ச் சிரட்டைக் கரி. வேறு கரி அதை அவ்வளவு நன்றாகப் பிடிக்காது. ரப்பர் கையுறையோ மூடியோ பக்கத்தில் வரக் கூடாது. ரப்பரிலும் இந்தக் குடும்பத்துப் பொருள்கள் உண்டு. வெற்று மாதிரியிலேயே கோடு எழுந்துவிடும்.

இந்தப் பொருள் புற்றுநோய் தருவது என்று உலகம் தெரிந்துகொண்டது லண்டனில் நான் இருக்கும் லூயிஷாமிலிருந்து சில மைல் தள்ளியுள்ள கார்ஷல்டனில். ஒரு தொழிற்சாலைக் கூடத்தில் இதைக் கரைப்பானாகப் பயன்படுத்தியவர்களுக்கு ஈரல் கெட்டது. அதை ஆராயக் கார்ஷல்டன் மருத்துவ ஆராய்ச்சிக் கழக நச்சியல் கூடத்தில் ஜான் பார்ன்ஸும் பீட்டர் மேகியும் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 1956-ல் எலிகளின் ஈரலில் புற்றுநோய்க் கட்டிகள். அப்போது இது தொழிலாளர் பிரச்சினை. தண்ணீர்ப் பிரச்சினை ஆனது 2000 வாக்கில். கலிஃபோர்னியாவின் ஆரஞ்சு கவுண்டியில் சாக்கடை நீரை உயர்ந்த அளவில் சுத்திகரித்து நிலத்தடியில் செலுத்திவந்த வாட்டர் ஃபேக்டரி 21-இல் இது அகப்பட்டது. சில கிணறுகளை மூடினார்கள். பெர்க்லியில் டேவிட் செட்லாக்கும் வில்லியம் மிட்சும் குளோரமைன்தான் இதை உண்டாக்குகிறது என்ற வழியை விளக்கினார்கள்.

குளோரமைனோடு சேர்ந்து இதை உண்டாக்கும் அமீன்கள் எங்கிருந்து வருகின்றன? சிறுநீரிலிருந்து. ஸ்லட்ஜை இறுக்கப் போடும் சில பாலிமர்களிலிருந்து. நம்மவர் வீட்டு மருந்துப் பெட்டியிலிருந்தும். ரானிடிடின் என்ற வயிற்றெரிச்சல் மாத்திரை, ரான்டாக் என்று கேட்டு வாங்குவோமே, அது குளோரமைனோடு கூடினால் ஏனைய அமீன்களைவிடப் பல மடங்கு என்.டி.எம்.ஏ. தரும் என்று 2011-லேயே ஆய்வுகள் வந்துவிட்டன. எட்டு ஆண்டு கழித்து மாத்திரைக்குள்ளேயே என்.டி.எம்.ஏ. இருந்தது தெரிந்து, 2020 ஏப்ரலில் அமெரிக்கா அதைச் சந்தையிலிருந்து எடுக்கச் சொன்னது. தண்ணீர்க்காரர் முன்பே எழுதிவைத்ததை மருந்துக்காரர் வாசிக்கவில்லை என்று எங்கள் கூடத்தில் சொல்லிச் சிரிப்போம். சிரிக்கிற விஷயம் அல்ல.

லண்டன் எனக்குத் தந்த முதல் அதிர்ச்சி இதைவிட எளியது. இங்கே கழிவுநீருக்குக் குளோரினே போடுவதில்லை. லூயிஷாமில் நான் பாத்திரம் கழுவும் தண்ணீர் கிரீனிச் பம்பிங் நிலையத்துக்குப் போய், அங்கிருந்து உயர்த்தப்பட்டு, தெற்கு வெளியேற்றுக் கால்வாய் வழியே கிராஸ்னஸ் போகிறது. 1865 ஏப்ரல் 4-இல் வேல்ஸ் இளவரசர் திறந்துவைத்த இடம். இன்று அங்கே பாக்டீரியா முறையில் சுத்திகரித்துத் தேம்ஸில் விடுகிறார்கள், கிருமிநாசினி எதுவும் இல்லாமல். குளிக்கும் கடற்கரை இருக்கும் ஊர்களில் மட்டும் யு.வி. விளக்கு வைக்கிறார்கள். 1858-இல் தேம்ஸ் நாறியபோது நாடாளுமன்றத் திரைச்சீலைகளை பிளீச்சிங் பவுடர்க் கரைசலில் நனைத்துத் தொங்கவிட்ட ஊர் இது.

ஏன் போடவில்லை என்று சக ஊழியர் ஒருவரிடம் கேட்டேன். மீனுக்காக என்றார். நன்னீரில் குளோரின் சராசரியாக லிட்டருக்கு 2 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பது இங்குள்ள சூழல் தரம். டி.பி.டி.யின் ரோஸ் கண்ணுக்குத் தெரியத் தொடங்குவது அதற்குப் பல மடங்கு மேலே. நிறம் தெரிவதற்குள் மீன் பாதிப்புக்குள்ளாகிவிடும். அமெரிக்காவில் குளோரின் போட்டு, பிறகு சல்ஃபர் டையாக்சைடோ பைசல்ஃபைட்டோ போட்டு அதை நீக்கிவிட்டு ஆற்றில் விடுகிறார்கள். அது மீனைக் காக்கும். ஏற்கெனவே உண்டான குளோரோஃபார்மையும் என்.டி.எம்.ஏ.யையும் அது தொடாது.

ஆனால் லூயிஷாம் இந்தக் கதைக்கு வெளியே இல்லை. ஸ்விண்டன், ஆக்ஸ்ஃபோர்ட், ரெடிங் நகரங்களின் சுத்திகரித்த கழிவுநீர் தேம்ஸில்தான் சேர்கிறது. கீழே அதே ஆற்றிலிருந்துதான் லண்டனின் குடிநீரில் பெரும்பகுதியை எடுக்கிறார்கள். லூயிஷாம் எல்லையில், 1909-இல் கட்டி முடித்த ஹானர் ஓக் நிலத்தடி நீர்த்தேக்கம் இருக்கிறது. மேலே கோல்ஃப் ஆடுகிறார்கள். தென்கிழக்கு லண்டனின் தண்ணீரில் ஒரு பங்கு அங்கிருந்தும் இன்னொரு பங்கு சுண்ணப் பாறைக் கிணறுகளிலிருந்தும் வருகிறது. பாக்டீரியா முறையில் சுத்திகரித்த கழிவுநீருக்குக் குளோரின் போடுவதில்லை என்று சொன்னேன். ஆற்றில் கலந்து, மறுபடி எடுத்து, அதன் பிறகு போடுகிறார்கள். இடையே மணல் வடிகட்டி, ஓசோன், ஆக்டிவேட்டட் கார்பன் எல்லாம் இருக்கின்றன. அவைதான் இரண்டாம் பந்தியைக் காலி செய்கின்றன. கடைசியில் போடும் குளோரினைக் கொஞ்சம் அமோனியா சேர்த்துக் குளோரமைனாகவே குழாயில் அனுப்புகிறார்கள், தூரத்து வீடு வரை நிற்கட்டும் என்று.

லூயிஷாம் கிளாரண்டன் ரைஸ் சிவன் கோயிலில் ஒரு பூசை நாள், மீன்தொட்டி வைத்திருக்கும் ஒரு ஐயா பிடித்துக்கொண்டார். “ஒரு நாள் முழுக்க வாளியில வைச்சிட்டுத்தான் பிள்ளை ஊத்தினனான். அப்பவும் மீன் செத்துப் போச்சு.” தனிக் குளோரின் ஒரு நாளில் பறந்துவிடும், குளோரமைன் பறக்காது, கடையில் விற்கும் திரவத்தை ஊற்றுங்கோ என்றேன். அவர் விடவில்லை. “அப்ப நாங்கள் குடிக்கிறதும் அதுதானே?”

அதுதான். குடியுங்கோ என்றேன். மீன் தண்ணீரைச் செவுளால் நேரே இரத்தத்துக்கு எடுக்கிறது, நமக்கு வயிறு இருக்கிறது. பிறகு அவருக்குக் கிராய்டன் கதையைச் சொன்னேன். 1937 இலையுதிர் காலம், இங்கிருந்து பஸ்ஸில் போகிற தூரம். அடிங்டன் கிணற்றில் பழுதுவேலை நடந்தது. வேலையாட்களில் ஒருவர் தனக்கே தெரியாமல் டைபாய்டு கிருமியைச் சுமந்தவர். வேலை நடக்கும்போது வடிகட்டாமலும் குளோரின் போடாமலும் அந்தத் தண்ணீரை ஊருக்கு விட்டார்கள். 341 பேருக்கு டைபாய்டு, 43 பேர் இறந்தார்கள். லிட்டருக்கு 100 மைக்ரோகிராம் குளோரோஃபார்ம் எழுபது ஆண்டில் செய்யக்கூடியதற்கும், அந்தச் சில வாரங்கள் செய்ததற்கும் ஒப்பீடே கிடையாது. துணைவிளைபொருளைப் பற்றிப் படித்துவிட்டுக் குளோரினே வேண்டாம் என்று பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அளந்து போடு என்பதுதான் என் கட்சி. அதிலும் குளோரினை அளப்பதற்கு முன் அமோனியாவை அள.

இது ஏன் இப்போது அவசரம் என்றால், தமிழ்நாடு சாக்கடை நீரை மறுபடி பயன்படுத்தத் தொடங்கிவிட்டது. மணலியில் சென்னை பெட்ரோலியமும் மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸும் 1990களின் தொடக்கத்திலேயே கழிவுநீரை ஆர்.ஓ. செய்து தொழிலுக்கு எடுத்தார்கள். 2019-இல் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் நாளுக்கு 45 மில்லியன் லிட்டர் கொள்ளளவுள்ள இரண்டு நிலையங்கள் வந்தன. தண்ணீர் மணலி, எண்ணூர், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத் தொழிற்சாலைகளுக்குப் போகிறது. தொழிற்சாலைக் குளிரூட்டிக்குப் போகும் வரை பிரச்சினை சிறிது. அதே தண்ணீரை ஏரியில் விடலாம், குடிநீரோடு கலக்கலாம் என்ற பேச்சு வரும்போது கணக்கு மாறுகிறது. ஆர்.ஓ. சவ்வில் பாசி பிடிக்காமல் இருக்கக் குளோரமைன் ஓடவிடுவது உலக வழக்கம். தனிக் குளோரின் சவ்வை அரித்துவிடும். என்.டி.எம்.ஏ. மிகச் சிறிய, மின்னேற்றம் இல்லாத மூலக்கூறு. ஏறக்குறையப் பாதி சவ்வைத் தாண்டிப் போய்விடும். ஆரஞ்சு கவுண்டி 2008 ஜனவரியில் திறந்த புதிய நிலையத்தில் ஆர்.ஓ.வுக்குப் பிறகு பலமான யு.வி.யும் ஹைட்ரஜன் பெராக்சைடும் வைத்தது இதற்காகவும்தான். யு.வி. இந்த மூலக்கூறை உடைக்கும்.

லண்டனிலேயே ஒரு சிறிய நல்ல உதாரணம் இருந்தது. 2012 ஒலிம்பிக் பூங்காவின் கழிப்பறைகளுக்கும் செடிகளுக்கும் நீர் தர ஓல்ட் ஃபோர்டில் கட்டிய நிலையம். பக்கத்தில் ஓடும் வடக்குச் சாக்கடையிலிருந்தே நீரை எடுத்து, சவ்வு வைத்த பாக்டீரியாத் தொட்டியில் சுத்திகரித்து, கார்பனில் வடித்து, அதன் பிறகே ஹைப்போ. இந்த வரிசைதான் முக்கியம். அமோனியாவை பாக்டீரியாவே முடிக்கட்டும், கரிமத்தைக் கார்பன் பிடிக்கட்டும், குளோரினுக்குக் கிருமியைத் தவிர வேறு வேலை வைக்காதே. நம்மூர் அடுக்குமாடிகளின் கழிவுநீர் நிலையங்களில் (எஸ்.டி.பி.) கார்பன் தொட்டி இருக்கும். ஆனால் ஹைப்போ அதற்கு முன்னாலேயே விழும். கார்பன் அந்தக் குளோரினைத் தின்று சீக்கிரம் செத்துவிடும்.

சோழிங்கநல்லூரில் இருக்கும் என் ஒன்றுவிட்ட தம்பி தன் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர். சென்ற மாதம் வாட்ஸாப்பில் கூப்பிட்டான்.

“அக்கா, எஸ்.டி.பி. தண்ணியில ஃபிளஷ் பண்ணாலே நீச்சல்குள வாசனை. கண்ணு எரியுது. ஆனா டெஸ்ட் பண்ணா ரோஸே வரல. ஹைப்போ பம்பைப் பெருசாக்கிட்டோம், அப்பவும் வரல.”

“எந்த மாத்திரை போட்டனீங்கள்?”

“ஒண்ணாம் நம்பர்.”

“அதே குப்பியில மூண்டாம் நம்பரைப் போடு.”

போட்டான். கத்தரிப்பூ நிறத்துக்கு ஏறிவிட்டதாகப் படம் அனுப்பினான். ஒன்றாம் நம்பர் தனிக் குளோரினைத்தான் காட்டும். மூன்றாம் நம்பரில் உள்ள பொட்டாசியம் அயோடைடு குளோரமைனையும் சேர்த்துக் காட்டும். குளோரின் ஏராளமாக இருக்கிறது, எல்லாம் அமோனியாவின் பிடியில். நான் கேட்ட அடுத்த கேள்விக்கு அவனிடம் பதில் இல்லை. அமோனியாவை யாரும் அளந்ததே இல்லை. மீன்தொட்டிக் கடையில் கிடைக்கும் கிட்டை வாங்கி அளக்கச் சொன்னேன். கிட்டின் கடைசி நிறத்தையும் தாண்டிப் போனது. இரவு பதினொன்றிலிருந்து ஐந்து வரை புளோயர் டைமரில் நிற்கிறது என்பது மூன்றாவது அழைப்பில் வெளிவந்தது. குழந்தைகள் தூங்க சத்தம் தொந்தரவு என்று ஒரு காரணம், மின்கட்டணம் இன்னொன்று.

புளோயரை இரவில் முழுதாக நிறுத்தாமல், பாதி வேகத்தில் ஓட்ட ஒரு டிரைவ் போடலாம். அதன் விலையும் அவர்கள் மாதாமாதம் வாங்கும் ஹைப்போ விலையும் அருகருகே வைத்துச் சங்கக் கூட்டத்தில் காட்டப்போகிறான். காரத்தன்மையையும் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். ஒரு மில்லிகிராம் அமோனியா நைட்ரஜனை நைட்ரேட்டாக மாற்ற ஏழு மில்லிகிராமுக்கு மேல் காரத்தன்மை செலவாகும். போர்வெல் தண்ணீர் என்றால் கவலை இல்லை, லாரித் தண்ணீர் வாங்கும் மாதங்களில் சோடா கொஞ்சம் சேர்க்க வேண்டியிருக்கும். காற்று சரியானதும் மறுநாளே எல்லாம் சரியாகாது. அந்த பாக்டீரியா மெதுவாகத்தான் பெருகும், இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். நடுவில் சில நாள் அமோனியா இறங்கி நைட்ரைட் ஏறும். அப்போது மூன்றாம் நம்பர் மாத்திரையிலும் ரோஸ் மறைந்துபோகும். அதைப் பார்த்துப் பயந்து ஹைப்போவைக் கூட்டிவிடாதே, ஆபரேட்டரிடமும் சொல்லிவை என்று நேற்று அவனுக்கு எழுதி அனுப்பினேன்.